நல்ல தண்ணியில் அலசிய படச்சுருள்

அத்தியாயம் 12

கீழக்கரையிலிருந்து வந்த தகர டப்பாவை பிரடெரிக் மேசைமேல் வைத்ததோடு போன வாரம் நிறுத்தினோம். டப்பாவுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு படச்சுருள். பிரடெரிக்கின் சினிமாக் கூட்டாளி சலாஹுதீனின் வாப்பா, சிங்கப்பூரில் கடையும் ஊரில் சங்கு வியாபாரமும் வைத்திருந்தவர். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்த சின்ன மூவி கேமராவில் பாம்பன் தீவிலிருக்கும் தங்கச்சிமடம் சந்தியாகப்பர் கோயில் திருவிழாவைப் படம் பிடித்திருக்கிறார். அவர் மௌத்தான பிறகு மகன் பெட்டியை ஒழுங்கு பண்ணும்போது இது வெளியே வந்தது.

சலாஹுதீன் அதன் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார். அடுத்த நிமிஷமே பிரடெரிக்குக்கு போன்.

"பிரடெரிக்கு, இதுல ஒங்க மாமனாரு எளந்தாரியா நிக்கிறாரு. எங்க வாப்பாவுக்குச் சங்கு கொண்டாந்து குடுக்குற காலத்து மொகம். பக்கத்துல ஒரு பொண்ணு நிக்கிது. அவரு சம்சாரமாத்தான் இருக்கணும்."

பிரடெரிக்கின் மனைவி பிரெசில்லாவுக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை.

அவள் தன் அம்மாவைப் பார்த்ததே இல்லை. சவேரியம்மாள் என்கிற பெயர் மட்டும் தெரியும். "ஒன்னையப் பெத்துப் போட்டா, கண்ண மூடிட்டா" என்று அய்யா யாக்கோபு சொன்னதுதான் அம்மாவைப் பற்றிய முழுக்கதை. கல்யாணப் போட்டோவைக் கேட்டால் புயலில் போய்விட்டது என்பார். கல்லறையைக் கேட்டால் தீவில் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது என்பார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தீவை விட்டு மூக்கையூருக்கு வந்தவர், அதன் பிறகு பாம்பன் பாலத்தில் ஏறியதே கிடையாது. பெண்டாட்டி மேல் அவ்வளவு பாசம் என்று ஊரே சொல்லும்.

அதே ஊர் பிரெசில்லாவைப் பற்றியும் ஒன்று சொல்லும். பெத்தவளை முழுங்கியவள். சின்ன வயதில் ஒரு சண்டையில் அடுத்த வீட்டுக்காரி வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை, நாற்பதைத் தாண்டியும் அவளுக்குள் அப்படியே கிடந்தது. கல்லறைத் திருநாளில் எல்லோரும் தங்கள் ஆட்களின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, அவள் மட்டும் நடுவில் இருக்கிற பெரிய சிலுவையின் அடியில் ஒன்றை ஏற்றிவிட்டு, "என்னால தான போன, மன்னிச்சுரும்மா" என்று சொல்லிவிட்டு வருவாள். எந்த முகத்தைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தாள்.

சனிக்கிழமை காலை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் சத்துணவு அமைப்பாளரான பிரெசில்லாவுக்கும் லீவு. பிரடெரிக் ராமநாதபுரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

அவனைப் பற்றிப் புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. சாயல்குடியில் ஸ்டுடியோ, கல்யாண வீடியோ தொழில். மனசெல்லாம் சினிமா. ராமநாதபுரத்தில் மாதம் ஒருமுறை கூடி, பழைய புரொஜெக்டர்களில் படம் ஓட்டிப் பார்த்து, எந்த லென்ஸ் எந்த கேமராவுக்குப் பொருந்தும் என்று மணிக்கணக்கில் வாயாடுகிற ஒரு கூட்டத்துக்கு அவன்தான் எல்லாம். வீட்டில் அவனுடைய லென்ஸ்களுக்கென்று ஒரு மின்சார அலமாரி உண்டு. கடல்காற்றின் ஈரம் ஏறாமல் அது இராப்பகலாக ஓடும். "அந்தக் கண்ணாடிகளுக்கு அடிச்ச யோகம் எனக்கு அடிக்கல" என்று பிரெசில்லா சொல்லுவாள். அவன் சிரித்துக்கொண்டே லென்ஸைத் துடைப்பான்.

மதுரையில் பழைய சாமான் கடையில் வாங்கிய சின்ன புரொஜெக்டர் ஒன்று அவனிடம் இருந்தது. உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் தாராக உருகிப் போயிருந்தது, பல்பும் அவுட். சலாஹுதீன் எங்கேயோ சொல்லிவைத்து இரண்டையும் வரவழைத்துவிட்டார். வாங்கிக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் மத்தியானமே படம்.

பிரெசில்லா டப்பாவைத் திறந்து பார்த்தாள். சுருளின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"ஏங்க, இது என்ன இப்பிடி வெள்ள வெள்ளையா இருக்கு?"

பிரடெரிக் காதில் போன். கூட்டத்து ஆள் ஒருவர் பல்பு எத்தனை வாட் என்று கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. "பூஞ்ச. வந்து பாத்துக்கலாம்" என்று இவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவருக்கு நீளமாகப் பதில் சொல்லிக்கொண்டே பைக்கை எடுத்தான்.

அவன் போன பிறகும் அவளுக்கு டப்பாவை மூட மனசு வரவில்லை. உப்புக்காற்றில் எத்தனையோ வருஷம் கிடந்து அரித்துக் கிடக்கிறது. அந்த வெள்ளைப் படலம் சரியாக அம்மாவின் முகத்து மேலேயே இருந்துவிட்டால் என்ன செய்வது? கணவன் கூட்டத்தோடு வந்து, மெஷினில் மாட்டி, வெளிச்சம் போட்டு, அப்போது முகம் தெரியாமல் போனால்?

உப்பு பட்ட சாமான் எதுவானாலும் நல்ல தண்ணி காட்டித்தான் வீட்டுக்குள் ஏற்ற வேண்டும் என்பது அந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிகிற விஷயமில்லை. போட் எஞ்சினுக்கு நல்ல தண்ணி. டார்ச் லைட்டுக்கு நல்ல தண்ணி. கடற்கரையில் கல்யாண ஷூட்டிங் முடித்து வந்தால் பிரடெரிக்கே ஸ்டாண்டின் கால்களை நல்ல தண்ணியில் கழுவித் துடைத்துத்தான் மூலையில் சாய்ப்பான். குடிக்கிற தண்ணீரை லாரியில் வாங்கிக் குடம் குடமாக வண்டியில் தள்ளிக்கொண்டு வருகிற ஊரில், ஒரு பொருளுக்கு நல்ல தண்ணி காட்டுவது என்றால் அதற்குச் செய்கிற மரியாதை.

அவள் ஒரு பேசினில் நல்ல தண்ணி ஊற்றினாள். கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினாள். அம்மாவுக்குத் தானே.

சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத் தண்ணீரில் விட்டு, பழைய வேட்டித் துணியை நனைத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருவினாள். வெள்ளை சட்டென்று வந்துவிட்டது. ஒவ்வொரு படமும் சுண்டுவிரல் நகத்தில் பாதி. கண்ணாடி போடாத கண்ணுக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை, கருப்பாக ஏதோ மங்கல்தான். துணியால் உருவ உருவ அந்த மங்கலும் போய்ப் பளிச்சென்று ஆனது. தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது. எத்தனை வருஷத்து அழுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

அய்யா யாக்கோபு டீ டம்ளரோடு கொல்லைப்பக்கம் வந்தார்.

"என்னத்தா பண்ற?"

"படத்த அலசுறேன்யா. பூஞ்ச புடிச்சுக் கெடக்கு."

அவர் கொஞ்ச நேரம் பேசினையே பார்த்தார். "எந்த வருசத் திருவிழாவாம் அது?"

"தெரியல. ஒங்க கல்யாணத்துக்கு அப்புறம் வந்ததா இருக்கும். அம்மா நிக்கிதாம்ல."

"ஒங்கம்மான்னு யாரு சொன்னா? திருவிழாவுல ஆயிரம் பொம்பளைக நிப்பாளுக."

"மொகத்தப் பாத்துட்டு நீங்கதான சொல்லப்போறீங்க."

"நான் பாக்கல. என்னையக் கூப்புடாத" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமலே திரும்பினார். டப்பா வந்த நாளிலிருந்து அவர் இப்படித்தான். பழைய துக்கம் கிளம்பியிருக்கிறது என்று பிரெசில்லா விட்டுவிட்டாள்.

சுருள் முக்கால்வாசிக்கு மேல் முடிந்திருந்தபோது வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது. அலசியதைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு நிழலில் தொங்கவிட்டாள். பூஞ்சை ஏறாமல் உள்ளே கிடந்த மிச்சத்தைச் சுருளோடு ஒட்ட நறுக்கி ஜன்னலில் வைத்துவிட்டு, நறுக்கியதை பிரடெரிக் ஒட்டிக்கொள்வான் என்று நினைத்தபடி வாசலுக்குப் போனாள். திரும்பி வந்து, பேசின் தண்ணியை வீணாக்காமல் முருங்கைக்கு ஊற்றினாள். மனசு லேசாக இருந்தது.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் சலாஹுதீனின் கார் வந்து நின்றது. பைக்கை ராமநாதபுரத்திலேயே விட்டுவிட்டு பிரடெரிக்கும் அதிலேயே வந்திருந்தான். பெல்ட்டைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இறங்கினான்.

"வாங்கண்ணே" என்று சலாஹுதீனை வரவேற்ற பிரெசில்லா, இருவரையும் நேரே கொல்லைக்கு அழைத்துப் போனாள். "பூஞ்சய பூராத்தையும் எடுத்துட்டேன். நல்ல தண்ணியில அலசிப் போட்டிருக்கேன், பாருங்க."

பிரடெரிக் கொடியில் தொங்கியதை எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்தான். வானம் அப்படியே தெரிந்தது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். அங்கேயும் வானம்தான். கடைசி வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டு போனான்.

"தண்ணியிலயா அலசுன?"

"ஆமா. ஏங்க?"

சலாஹுதீன் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்" என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

"பூஞ்ச புடிச்ச பிலிம்ல தண்ணி படக்கூடாது பிரெசி." பிரடெரிக் மெதுவாகத்தான் சொன்னான். "படம் ஒரு பச மாதிரி அதுமேல ஒட்டியிருக்கும். பூஞ்ச அதத் தின்னு எளக்கி வச்சிரும். தண்ணி பட்டா கரைஞ்சு வந்துரும்."

"வந்துரும்னா?"

"போயிருச்சு."

அவளுக்குப் புரிய நேரமானது. கொடியில் தொங்குகிறதைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள்.

"தண்ணி எங்க?" என்றான் பிரடெரிக். எதற்குக் கேட்டோம் என்று அவனுக்கே தெரியாது.

"முருங்கைக்கு ஊத்திட்டேன்."

சலாஹுதீன் நல்ல மனுஷர். அவர் மனசில் விகல்பம் எதுவும் இல்லை. தாங்க முடியாமல்தான் கேட்டார். "செவ்வாக்கெழமையே நம்ம குரூப்ல நீங்கதான அவ்வளவு வெவரமா எழுதியிருந்தீங்க பிரடெரிக்கு? வேற எது செஞ்சாலும் தண்ணி மட்டும் காட்டிறாதீங்கன்னு. வீட்ல சொல்லலையா?"

பிரெசில்லா கணவனைப் பார்த்தாள்.

"குரூப்ல எத்தன பேரு இருக்காங்க?"

பிரடெரிக் பெல்ட்டைச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

"ஊருல ஒலகத்துல இருக்குறவுகளுக்கெல்லாம் எழுதியிருக்கீங்க. காலையில நான் கேட்டேன். இது என்னன்னு ஒங்க பக்கத்துல நின்னு கேட்டேன்."

"பிரெசி..."

"ரெண்டு வார்த்த. தண்ணி காட்டாதன்னு ரெண்டு வார்த்த."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் முருங்கை மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. அதில் கையை வைத்தாள். பிறந்த அன்றைக்கு ஒரு தடவை கொன்றோம், இன்றைக்கு இன்னொரு தடவை என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அம்மாவின் முகத்தைத் தன் கையாலேயே துடைத்தெடுத்து மரத்துக்கு ஊற்றியிருக்கிறோம் என்பதை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆறுதல் கிடைக்கவில்லை. பிரடெரிக் பக்கத்தில் வந்து நின்றான். தோளைத் தொடப் போய்க் கையை எடுத்துக்கொண்டான்.

ஜன்னலில் இருந்த சுருளை சலாஹுதீன்தான் கண்டார்.

"தங்கச்சி, இதுல தண்ணி படலையே. கொஞ்சம் மிச்சம் இருக்கு."

சுருளின் நடுப்பகுதி. திருவிழாவின் கடைசித் துண்டு. கொஞ்ச நேரம்தான் ஓடும் என்றான் பிரடெரிக். உடனே மெஷினில் போடக்கூடாது, சென்னைக்கு அனுப்பினால் பத்திரமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவார்கள், ஒரு மாதம் பொறுத்தால் போதும் என்றான். நியாயமான பேச்சுதான்.

"இப்பவே போடுங்க" என்றாள் பிரெசில்லா.

"அறுந்துருச்சின்னா?"

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. இன்னொரு ராத்திரிய என்னால தள்ள முடியாது."

முன்னறையின் ஜன்னல்களில் போர்வையைக் கட்டி இருட்டாக்கினார்கள். வெளியே மத்தியான வெயில், உள்ளே புழுக்கம். பிரடெரிக் பெல்ட்டை மாட்டி, பல்பைப் போட்டு, வீணான ஒரு துண்டை முதலில் ஓட்டிப் பார்த்துக்கொண்டான். யாக்கோபு உள்ளறைக் கதவோரம் நின்றார். பார்க்க மாட்டேன் என்றவர், ஆனாலும் போகவில்லை.

சுவரில் வெளிச்சம் விழுந்தது. கொஞ்சம் நடுங்கியது, பிறகு நிலைத்தது.

கூட்டம். மின்விளக்கு கட்டிய சப்பரம். யாருடைய தோளோ குறுக்கே வந்து போனது. பிறகு ஒரு பெண்ணின் முதுகு. சிவப்புச் சேலை, தலை நிறைய கனகாம்பரம். இடுப்பில் ஒரு குழந்தை. பக்கத்தில் நடக்கிறவர் யாக்கோபு. மீசை அரும்பிய யாக்கோபு, குழந்தையின் சின்னச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். குழந்தை அவள் தோள்மேல் தாடையை வைத்து, கேமராவைப் பார்த்து வாயைத் திறந்து அழுகிறது. அவள் திரும்பவில்லை. நடந்துகொண்டே கூட்டத்துக்குள் போகிறாள்.

"நிறுத்துங்க" என்றாள் பிரெசில்லா.

"நிறுத்த முடியாது பிரெசி. நிறுத்துனா பல்பு சூட்டுல பிலிம் எரிஞ்சுரும்."

சிவப்புச் சேலைக்காரி போய்விட்டாள். சுவர் வெள்ளையானது. சுருளின் வால் மெஷினில் சடசடவென்று அடித்தது.

அம்மாவின் முதுகு. கழுத்து. ஒரு பக்கத்துக் காதும் அதில் தோடும். அவ்வளவுதான் பிரெசில்லாவுக்கு எழுதியிருக்கிறது. முகமெல்லாம் மரத்துக்குப் போன தண்ணியில் இருந்தது.

"இன்னொரு தடவ" என்றாள்.

பிரடெரிக் மறுபேச்சு பேசாமல் திருப்பிச் சுற்றினான். மறுபடியும் சப்பரம், தோள், சிவப்புச் சேலை. இந்தத் தடவை யாக்கோபு கதவோரத்திலிருந்து வந்து தரையில் குந்தியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சலாஹுதீன்தான் பொதுவாகக் கேட்டார், "அந்தக் கொழந்த யாரு? சொந்தக்காரப் பிள்ளையா?"

யாக்கோபு சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் முகத்தில் பிரெசில்லா எப்போதும் பார்த்திராத ஒரு சிரிப்பு இருந்தது.

"ஒனக்குக் கேமரான்னா ஆகாதுத்தா" என்றார் மகளிடம். "அன்னைக்குப் பூராவும் அழுத. செருப்ப வேற ஒதறி ஒதறி விட்ட. ஒங்கம்மா ஒன்னைய எறக்கியே விடல."

படம் முடிந்தது. வால் அடித்தது. பிரடெரிக் மெஷினை அணைத்தான்.

போர்வையை விலக்கியது யார் என்று பிரெசில்லாவுக்கு ஞாபகம் இல்லை. வெளிச்சம் வந்தபோது அய்யாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"நானா அது?" என்றாள்.

அவர் தோள்துண்டைத் தேடினார். அது அவர் தோளிலேயே கிடந்தது.

"அய்யா, அந்தப் பிள்ளைக்கு ஒரு வயசுக்கு மேல இருக்கும். பெத்துப் போட்டுட்டுச் செத்துப்போன பொம்பள எப்பிடி என்னையத் தூக்கிட்டுத் திருவிழாவுக்குப் போனா?"

அவர் எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினார்.

"நான் அவளக் கொல்லலையா?"

இத்தனை வருஷம் சுமந்த பாவம் தன்னுடையதில்லை என்று தெரிந்தால் சந்தோஷம் வரும் என்று யாராவது நினைக்கலாம். அவளுக்கு வரவில்லை. பெரிய சிலுவையின் அடியில் வருஷா வருஷம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தபோதெல்லாம், இந்த மனுஷர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்துத்தான் நெஞ்சு வலித்தது.

யாக்கோபு மருமகன் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, அந்த அலசுன துண்டு இருக்குல்ல. அதுல எதுவும் மிச்சம் இல்லியே?"

"இல்ல மாமா."

"மெஷின்ல போட்டாலும் தெரியாதா? மொகம் எதுலயும் தெரியாதா?"

"தெரியாது. எல்லாம் போயிருச்சு."

கிழவர் மூச்சை விட்டார். நெற்றியிலும் நெஞ்சிலும் கைவைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று உதடு மட்டும் அசைந்தது.

பிரெசில்லா அதைப் பார்த்துவிட்டாள். சற்று முன் எந்த முகத்துக்காக அழுதாளோ, அந்த முகம் அழிந்ததற்காக அவளைப் பெற்றவர் நன்றி சொல்கிறார். செத்தவளின் முகம் என்றால் அதற்கு எதற்காகப் பயப்பட வேண்டும்? முன்பின் தெரியாத முகம் என்றாலும் பயமில்லை. பார்த்தவுடனே மகளுக்கு ஆளைத் தெரிந்துவிடும் என்றால்தான் இப்படிப் பயம் வரும்.

அவள் எழுந்து போய் அவருக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றாள்.

"அந்த மொகத்த நான் ஏற்கெனவே பாத்திருக்கேன்" என்றாள். "யாருய்யா அது?"